மூன்றாம் அத்தியாயத்துக்குத் தடை

உயிரி ஆயுதத் தடுப்பில் முனைவர் பட்டம் வாங்க, ஆய்வேடு முழுவதையும் பொதுமக்கள் முன் பேசி நிலைநாட்ட வேண்டும். வர்ஜீனியாவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி அது. என் மூன்றாம் அத்தியாயத்தையோ வெளியே பேசவே கூடாதென்று அரசு அலுவலகம் தடை போட்டுவிட்டது. அதில் இருப்பதெல்லாம் செய்தித்தாளில் வந்த சங்கதி!

"அதைப் பேசாம பட்டம் கிடையாது, மெரிடித்," என்றார் என் நெறியாளர் ஹாலோரன்.

"பேசினா ஜெயில்! தடை உத்தரவுல யார் கையெழுத்து, புரொபசர்?"

"என்னோடதுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ எடுத்துத் தொலைங்களேன்!"

"அது பகல்ல அந்த அரசு ஆபீசுல நான் பார்க்கிற வேலைம்மா. சாயங்காலம் நான் உன் வாத்தியார். காலையில ஆபீசுக்கு வந்து கேளு."

"வந்து கேட்டா?"

"முடியாதுன்னுதான் சொல்வேன்," என்றார், வெட்கமே இல்லாமல்.