கெட்டியான உருண்டைகள்

அப்பாவின் சட்டைக் காலர் பொத்தானைப் போட அவள் முயன்றுகொண்டிருந்தாள்.

“விடுடி. உயிரோட இருந்தப்பவே அதைப் போட மாட்டான்,” என்றாள் அத்தை, மூக்கைச் சிந்தியபடி.

வாசலில் கார் நின்றது. ஆலை மேலாளர் மலர்வளையத்தோடு வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

ஆலையின் வாயு உலைகளில் போடும் வினையூக்கி உருண்டைகளில் குரோமியம் கலந்திருக்கும். நுரையீரலைத் தின்னும் நஞ்சு. அது இல்லாமல் இரும்பு ஆக்சைடிலேயே உருண்டை செய்ய அப்பா வருடக்கணக்காக முயன்றார். யாராவது தொடத் தயங்கினால் வெறுங்கையில் அள்ளிக் கன்னத்தில் தேய்த்துக் காட்டுவார். ஆனால் உலைச் சூட்டில் அவை பொடிந்துகொண்டே இருந்தன. பிறகு திடீரென்று பொடியாமல் நின்றன.

“எப்படிக் கெட்டியாச்சுன்னு எனக்கே புரியலடி,” என்று அப்பா சிரித்தார்.

“கலவை ரூம் மேனேஜர் கையிலதானே இருக்கு? குரோமியம் இருக்கான்னு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்கப்பா.”

“கூட வேலை செய்றவனையா சந்தேகப்படறது?”

சில வருடங்களில் இருமல் வந்தது.

மேலாளர் அவளுடைய தம்பியின் தோளைத் தட்டினார். “திங்கக்கிழமையே வந்துடுப்பா. அப்பா இடம் உனக்குத்தான்.” அவர் கண்கள் அலமாரியில் இருந்த கண்ணாடி பாட்டிலுக்குப் போயின. அப்பாவின் பழுப்பு உருண்டைகள். “அதை ஆபீஸ்ல ஞாபகமா வெச்சுக்கலாம்னு...”

அவள் மூடியைத் திறந்து, உள்ளங்கை நிறையக் கொட்டி நீட்டினாள்.

“ஞாபகமாதானே சார்? கையில வாங்கிக்கோங்க.”

அவர் கை எழுந்தது. பாதியில் நின்றது. கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

“முதல்ல உள்ள போடும்மா. போட்டுட்டு சோப்பு போட்டு நல்லா கழுவிடு.”



“ஏன் சார்?” என்றான் தம்பி.

மேலாளர் மலர்வளையத்தின் நாடாவை நேராக்கினார். சற்று நேரத்தில் காரும் போய்விட்டது.

அவள் கை கழுவிவிட்டு ஒரு வாளியும் சோப்புமாக வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வண்டி காத்துக்கிட்டு நிக்குதுடி,” என்றாள் அத்தை.

“இருங்க அத்தை.”

விரிய மறுத்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நகக்கண் வரை தேய்த்தாள். தம்பி தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்.