சூடேறாத சிப்பு

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் "விரல்" என்றுதான் கூப்பிடுவார்கள். மீட்டர் என்ன காட்டினாலும் சரி, கடைசியில் ஆள்காட்டி விரலைக் கணினிச் சிப்பின் மேல் வைத்துப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். சூடாக இருந்தால் வேலை செய்கிறது, சில்லென்றிருந்தால் செத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த விரல் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

அன்று மேசையில் இருந்தது அவளுடைய அண்ணன் வடிவமைத்த சிப்பு. கல்யாணப் பேச்சைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாமல் அதையே கட்டிக்கொண்டு அழுத மனுஷன். சாதாரணக் கணினியில் நினைவு ஓரிடம், கணக்குப் போடுவது வேறிடம். அடுப்பை இங்கே வைத்துக்கொண்டு, உப்பையும் சர்க்கரையையும் அடுத்த தெருவில் வைத்தால் குடித்தனம் உருப்படுமா? ஒவ்வொரு சிட்டிகைக்கும் ஓட வேண்டியதுதான். கணினி அப்படிக் கொதிப்பதற்கு இந்த வெட்டி அலைச்சல் ஒரு பெரிய காரணம். அண்ணன் அலைச்சலையே ஒழித்துவிட்டான். நினைவு இருக்கிற இடத்திலேயே கணக்கும் நடந்துவிடும்.

அதாவது, நடக்க வேண்டும். இதற்கு முன் செய்தவை எல்லாம் ஒன்று விடாமல் புட்டுக்கொண்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் சொதப்பினால் அண்ணனின் பிரிவையே இழுத்து மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார்.

சோதனை எளிது. மைக்கில் விழும் குரல் யாருடையது என்று சிப்பு கண்டுபிடித்து, அவர்கள் முதுகுப் பக்கம் கதவோரமாக இருந்த திரையில் எழுத வேண்டும். கூடத்து ஆட்களின் குரல்களை அதற்குப் பழக்கியபோது, பெயருக்குப் பதில் பட்டப்பெயர்களைப் போட்டு வைத்திருந்தான் அண்ணன். வேலையற்ற வேலை!

அவள் சுவிட்சைப் போட்டாள். மின்சாரம் காட்டும் மீட்டரில் பூஜ்யம். விரலை வைத்தாள். சில்லென்றிருந்தது. இன்னும் அழுத்திப் பார்த்தாள்.

"என்னடி?" என்றான் அண்ணன்.

"செத்துப்போச்சுண்ணா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேண்ணா. துளிகூடச் சூடே இல்ல."

அவன் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தான். "விடு. என் தலையெழுத்து" என்றபோது குரல் உடைந்துவிட்டது. பாவி, இதைச் சொல்லவா இந்த விரல் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மேலதிகாரி வந்தார். ஜலதோஷத்தில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "என்ன, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"சரி, எல்லாத்தையும் எடுத்து வைங்க." சொல்லிவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

"யாருய்யா அது, சிடுமூஞ்சி?"

இருவரும் திரையைப் பார்த்தார்கள். தூங்குமூஞ்சி, விரல், தூங்குமூஞ்சி, விரல், தூங்குமூஞ்சி என்று வரிசையாக விழுந்திருந்தது. மீட்டிங்கில் கொட்டாவி விடும் தூங்குமூஞ்சி அண்ணன்தான். அதற்குக் கீழே சிடுமூஞ்சி, விரல், சிடுமூஞ்சி. மேலதிகாரி கேட்டு வாய் மூடுவதற்குள் இன்னொரு சிடுமூஞ்சி வந்து உட்கார்ந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செத்துவிட்டது என்று அவள் சொன்னபோதும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அண்ணனின் உடைந்த குரலையும், இவருடைய கட்டிப்போன தொண்டையையும் பிசகாமல் கண்டுகொண்டிருக்கிறது. அண்ணன் பாய்ந்துபோய் மீட்டரைப் பார்த்தான். பழைய சிப்புகளுக்குத் திருப்பி வைத்த பெரிய அளவிலேயே அது இருந்தது. மிகச் சிறிய அளவுக்குத் திருப்பியதும் ஏதோ ஒரு துளி எண் எட்டிப் பார்த்தது. இத்தனையும் செய்ய அது தின்ற மின்சாரம் அவ்வளவுதான்.

"அடேயப்பா!" என்றாள். விரல் பொய் சொல்லவில்லை. அலைச்சல் இல்லாத இடத்தில் சூடு எங்கிருந்து வரும்?

மேலதிகாரி கிட்டே வந்து, காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவது போலத் தன் விரலை அதன் மேல் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"சில்லுனு இருக்குய்யா" என்றார் மெதுவாக. பிறகு சிரித்துவிட்டார். "பிரிவை மூடல. ஆனா முதல்ல அந்தப் பேர மாத்துங்க."

அவர் சிரித்து அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. சிரிக்கிற குரலைச் சிப்புக்கு யாரும் பழக்கவும் இல்லை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

திரையில் எழுத்து ஏற்கனவே விழுந்திருந்தது: சிடுமூஞ்சி.