லேசான பவர் சப்ளை

கடைக்காரர் கம்ப்யூட்டருக்கான இரண்டு பவர் சப்ளைகளையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, நீங்க எடுத்திருக்கிற கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் பசி ஜாஸ்தி. இந்தச் சின்னது அதுக்குத் தாங்காது. ஸ்டிக்கர்ல என்ன வேணா போட்டிருப்பான், உள்ள அவ்வளவு இருக்காது. பெருசையே எடுத்துக்கங்க."

"அதை எடுத்தா காசு பத்தாம கார்டுல ஒரு படி இறங்கணும்ணே. அப்புறம் கேமிங் கம்ப்யூட்டர்னு எதுக்குச் சொல்லிக்கணும்? கால்குலேட்டர்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

கூட வந்திருந்த அவன் அக்கா இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். பெரியது செங்கல் மாதிரி கையை இழுத்தது. சின்னதைத் தூக்கியபோது கை தானாக மேலே போனது.

"என்னடா இது, காலி பிஸ்கட் டப்பாவுக்குக் காசு குடுக்கிற?"

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவள் மேற்கொண்டு சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். அவன் வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடியதிலிருந்து மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன் அவன். இப்போதுதான் பேனர் அச்சடிக்கும் இடத்தில் காலை வேலை கிடைத்து, கையில் நாலு காசு சேர்ந்து, முகத்தில் களை வந்திருக்கிறது. அதைக் கெடுப்பானேன்? போதாததற்குப் பள்ளிக்கூட வேன் வெளியே நின்றது. அவள்தான் அதன் டிரைவர். இன்னும் சற்று நேரத்தில் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும்.

"எதையாவது எடு. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றபடி கடைக்காரர் சின்னதைப் பையில் போட்டார்.

அவர்கள் வீடு மாடியில் இருந்தது. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று. உள்ளறையில் அம்மா. நுரையீரல் பாதி வேலை செய்யாததால் கட்டிலை ஒட்டி ஒரு ஆக்ஸிஜன் மெஷின் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் குழாய்தான் அம்மாவின் மூக்கில். யாரோ உபயோகித்த மெஷினை வாங்கியிருந்தார்கள். கரண்ட் போனால் அது கத்த வேண்டும். ஆனால் கத்துவதற்கான பேட்டரி செத்துவிட்டிருந்தது. "மாத்திடறேன்" என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். கரண்ட் திரும்பி வந்தாலும் மெஷின் தானாக ஓடாது, பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு அறைக்கும் ஒரே லைன். அது மாடிப்படித் திருப்பத்தில் இருந்த பெட்டியில், கரண்டைத் தானாகத் துண்டிக்கும் ஒரே ட்ரிப்பர் சுவிட்சில் போய்ச் சேர்ந்தது.

கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம் வீடே கலகலத்தது. தம்பி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத சிநேகிதர்களோடு கூச்சல் போட்டு விளையாடினான். "டேய் பின்னாடி வரான்டா!" என்று அவன் கத்தும்போதெல்லாம் உள்ளறையில் அம்மா சிரித்துக்கொள்வாள்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் விளக்கு மங்கி எரிந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. சில சமயம் ட்ரிப்பரே விழுந்தது. தம்பி செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அதைத் தூக்கிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வான்.

"வீட்டு ஒயரிங் பழசுக்கா. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வேனில் கிளட்ச் கருகினால் வரும் வாடையை அவள் தூக்கத்திலும் கண்டுபிடிப்பாள். அது போன்ற ஒன்று முன்னறையில் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"என்னமோ கருகுதுடா."

"புதுசுன்னா அப்படித்தான் வாடை அடிக்கும்."

"எனக்கு ஒரு வாடையும் வரல" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"மூக்குல குழாயை வச்சுக்கிட்டு நீ சாட்சி சொல்ல வந்துட்டியா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அம்மாவின் கட்டில் இடம் மாறியிருப்பதை அவள் கவனித்தாள். மெஷினுக்கு இன்னும் நெருக்கமாக, கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்கு வந்திருந்தது.

"கட்டிலை யார் நகர்த்துனா?"

"நான்தான் தம்பியை நகர்த்தச் சொன்னேன். வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது. கட்டில் இப்போது ஜன்னலைப் பார்த்துத்தான் நின்றது. அவளுக்கு அது உறுத்தியது. ஆனால் அடுப்பில் ஏதோ பொங்கி வழிய, ஓடிவிட்டாள்.

"கரண்ட் போய் வந்தா மெஷின் நின்னே கிடக்குதாம்மா?" என்று தினமும் கேட்பாள்.

"ஓடிக்கிட்டுத்தான இருக்கு. உன் கண்ணு எங்க போச்சு?"

ஒரு நாள் மதியம், சின்ன வகுப்புப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். கீழ்ப்படியிலேயே அந்த வாடை வந்து முகத்தில் அறைந்தது. இந்த முறை லேசாக இல்லை. திருப்பத்தில் தம்பி ட்ரிப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தூக்கினால் டக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கினான், மறுபடி விழுந்தது.

"நிக்கவே மாட்டேங்குதுக்கா. கம்ப்யூட்டர்ல இருந்து டப்புனு ஒரு சத்தம், புகை..."

"அம்மா?"

அவன் கை ட்ரிப்பரிலேயே உறைந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"எவ்வளவு நேரமாச்சுடா?"

"இப்பத்தான்... இல்ல, கொஞ்ச நேரம்..."

அவள் முழுவதும் கேட்கவில்லை. படிகளைத் தாவி ஏறி, புகை படர்ந்த முன்னறையைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

அம்மா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே சரிந்து கிடந்தாள். ஒரு கை மெஷின்மேல் இருந்தது. விரல் பொத்தானை அமுக்கியது, எடுத்தது, மறுபடி அமுக்கியது. கரண்ட் இல்லாத மெஷின் என்ன செய்யும்? உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தும் மகளை அடையாளம் காணவில்லை.

"சிலிண்டர்! சிலிண்டரை எடுடா!"

அவசரத்துக்கென்று மூலையில் ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. தம்பி அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தான். திருகுவதற்கான சாவி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவள் அதைப் பொறுக்கியெடுத்துத் திருகினாள். அசையவில்லை. மொத்த உடம்பையும் அதன்மேல் சாய்த்து இன்னொரு முறை திருகியபோது சீறிக்கொண்டு காற்று வந்தது. குழாயை மாட்டி அம்மாவை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தாள்.

"இழும்மா. மெதுவா இழு. இழும்மா..."

தம்பி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். வீட்டு விலாசம் அவனுக்கே மறந்துபோய்த் திக்கினான். அம்மாவின் உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. கீழே வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் அக்கா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சு தெளிந்ததும் அம்மா முதலில் கேட்டது, "கம்ப்யூட்டர் போயிடுச்சா?" என்றுதான்.

"அது கெடக்குதும்மா. இதுக்கு முன்னாடியும் மெஷின் நின்னுருக்கா?" என்றாள் அக்கா.

அம்மா போர்வை நுனியைத் திருகினாள். "எத்தனையோ தடவை. லைட்டு போயி வந்ததும் நானே அமுக்கிக்குவேன். அதுக்குத்தான் கட்டிலைப் பக்கத்துல போடச் சொன்னேன். இந்தத் தடவை கரண்டே வரல."

"ஏம்மா சொல்லல?" என்றான் தம்பி.

"சொன்னா நீ விளையாடுறதை விட்டுடுவ. மறுபடி அந்தச் செவுத்தைப் பார்த்துப் படுத்துக்குவ. அதுக்கு இது தேவலைன்னு நெனச்சேன்."

அவன் வெளியே போய்விட்டான். அக்கா பின்னால் போகவில்லை. கடையில் நின்று "எதையாவது எடு" என்று அவசரப்படுத்தியது யார் என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மா வீடு திரும்புவதற்குள் எலெக்ட்ரீஷியன் வந்து உள்ளறைக்குத் தனி லைன் இழுத்தார். சுவருக்குள் பழைய ஒயர் உருகி ஒட்டிப்போயிருந்ததைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். தம்பி கம்ப்யூட்டரை மூட்டை கட்டிக் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் சின்ன பவர் சப்ளையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கரியாக இருந்தது. அவர் குத்திக்காட்டவில்லை, பெரியதை எடுத்து முன்னால் வைத்தார். அந்த நேரத்தில் தம்பிக்குக் கம்ப்யூட்டரே வேண்டாமென்றிருந்தது. ஆனாலும் வாங்கி வந்தான். அம்மா அப்படிச் சொல்லியனுப்பியிருந்தாள்.

மெஷினின் பேட்டரியையும் அவனே மாற்றினான். பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தபோது அது காது கிழியக் கத்தியது.

"போதும்டா, தெருவே கூடிடும்" என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா இரண்டு மிடறு குடித்து நிறுத்தினாள். டம்ளரைப் பிடிக்காத கை விலாப்பக்கம் போய் அழுத்தியது. மகள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சட்டென்று மடிக்கு இறங்கிவிட்டது.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல."

தம்பி திருப்புளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மெல்லக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேன் எடுக்க இன்னும் நேரம் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் இங்கயேதான் இருக்கோம். இப்பச் சொல்லு."

அம்மா கதவைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள். மெஷின் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நாளாவே..." என்று ஆரம்பித்தாள்.