தகரக் கூரைச் சபை

காலர் பொத்தான் நுழைய மறுத்தது. அப்பாவின் கழுத்து விறைத்துவிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்ட மனுஷரோடு மல்லுக்கட்டுவானேன் என்று மகள் டையைச் சற்றுத் தூக்கிக் கட்டி அதை மறைத்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். டை கட்டியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், அதுவும் போனுக்கு முன்னால்தான்.

கடல் தாண்டி எங்கோ ஓர் ஏழை மிஷன் சபை. பென்ஷன் வந்த கையோடு பாதி அங்கே போய்விடும். அவர்களுடைய கூரைத் தகரம், பெஞ்சு எல்லாம் அவர் புண்ணியம். வாராவாரம் அவர்களுடைய ஆராதனையைப் போனில் பார்ப்பார். ஒரு வார்த்தை புரியாது. "ஊரான் கூரைக்குத் தகரம், நம்ம கூரைக்கு வாளியா?" என்று அவள் கத்தாத மழைக்காலமில்லை.

உள்ளூர்ப் போதகர் வந்து சுருக்கமாக ஜெபித்தார்.

"அப்பா நம்ம சபைப் பக்கம் வந்தே வருஷக்கணக்காச்சேம்மா. பெட்டி தூக்க ஆள் இருக்காங்களா?"

"வண்டிக்காரரே ஆள் கூட்டிட்டு வரேன்னாருங்க ஐயா."

"சரிம்மா. ஆராதனைய முடிச்சுட்டு வந்துடறேன்."

பக்கத்து வீட்டுக்காரர் வாசலோடு தலையசைத்துவிட்டுப் போனார். பிறகு யாரும் வரவில்லை. அவளுக்கு அப்பாவின்மேல் கோபம் கோபமாக வந்தது. பாசத்தையெல்லாம் எங்கோ கொட்டிவிட்டு, கூட உட்கார்ந்து அழ ஓர் ஆளில்லாமல் தன்னை விட்டுவிட்டாரே.

அப்பாவின் போன் அடித்தது. துண்டிக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, எடுத்தாள். திரை கொள்ளாமல் அந்தச் சபையின் முகங்கள். அவர்கள் மொழி அவளுக்குத் தெரியாது. போனை அப்பாவின் பக்கம் திருப்பினாள்.

பாட்டு பாதியில் நின்றது. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. அவள் மறுபடி பார்த்தபோது சபை முழுக்க எழுந்து நின்றது. முன்வரிசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அந்த ஊர்ப் போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனருகே வந்தார். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வார்த்தை. ஆராதனைக்கு முன் அப்பா தவறாமல் கேட்பது. அதை ஏதோ தோத்திரம் என்று நினைத்து அவர்கள் 'ஆமென்' சொல்வதை, அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். போதகர் அதைத்தான் தட்டுத்தடுமாறிச் சொன்னார். பின்னால் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

"சாப்ட்டீங்களா?"

காலையிலிருந்து அவளை யாரும் அதைக் கேட்கவில்லை.

"இல்ல," என்றாள். "இன்னும் இல்ல."

"ஆமென்," என்றது சபை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.