அதான் ஆறு

கேளுங்கள் கண்ணுகளா, அந்த வார்டில் நோயாளிகளைவிட நர்ஸுகள்தான் அதிகம் நடுங்கினார்கள். காரணம் பெரிய சிஸ்டர். கைராசிக்காரர், வேலையில் புலி. ஆனால் ஒருமுறை சொன்னதைத் திருப்பிக் கேட்டால் போச்சு. "காதுல என்ன பஞ்சா?" என்று நோயாளிகள் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். எதற்கெடுத்தாலும் 'அதான்' போட்டுப் பேசுவது அவர் பழக்கம்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன், முகக்கவசத்தோடு போகிற போக்கில் சொன்னார்: "டிரைவர் தாத்தாவுக்கு இன்சுலின், அதான் ஆறு."

நெட்டச்சி காதில் 'பதினாறு' என்று விழுந்தது. நெட்டச்சி என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். வாசல்படியில் தலை இடிக்கும் உயரம். இரண்டு பிள்ளைக்காரி, அனுபவசாலி. பதினாறு யூனிட் அதிகமாயிற்றே என்று மனசு உறுத்தியது. கேட்கத் திரும்பினாள். வாய் வரவில்லை. போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில், ஒருகாலத்தில் பஸ் ஓட்டிய அந்தத் தாத்தாவின் சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டது. "என்னம்மா, வண்டி ஆடுது... பிரேக் புடிக்கல..." என்று குழறினார்.

சர்க்கரை இறங்குகிறது என்று நெட்டச்சிக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிக்கொண்டே பக்கத்து நர்ஸைக் கூப்பிட்டாள். "அக்கா, பதினாறுதானே சொன்னாங்க?"

"ஐயோ, 'அதான் ஆறு'ன்னாங்கடி!"

"என் வேலை போச்சுக்கா. புள்ளைங்க இருக்கே..."

"சத்தம் போடாத. இன்னும் கொஞ்சம் சர்க்கரை குடு, சமாளிச்சுக்கலாம்."

அதற்குள் தாத்தாவின் கண் செருகியது. இனி வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். நரம்பில்தான் ஏற்றவேண்டும், டாக்டர் வேண்டும். கண்ணாடி அறைக்குள் பெரிய சிஸ்டர் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தார். நெட்டச்சி ஓடினாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழாத குறைதான்.

"சிஸ்டர், தப்புப் பண்ணிட்டேன். பதினாறு போட்டுட்டேன். தாத்தா மயங்குறாரு."

பெரிய சிஸ்டர் தாத்தாவிடம் பறந்தார். டாக்டர் ஓடிவந்தார். குளுக்கோஸ் ஏறியது. கடைசியில் தாத்தா கண்ணைத் திறந்து, "இது எந்த ஸ்டாப்பு?" என்றார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"சந்தேகம் வந்திருக்குமே? ஏன் திருப்பிக் கேக்கல?" என்றார் பெரிய சிஸ்டர்.

"பயம், சிஸ்டர். உங்ககிட்ட."

அவள் தோளைத் தட்டிக் கொடுக்கத்தான் அவர் கையைத் தூக்கினார், கண்ணுகளா. அந்த நெட்டை உருவம் அடி விழப்போகிறதென்று கண்ணை இறுக மூடிக் குறுகிப்போயிற்று. தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. சுற்றி நின்ற நர்ஸுகளும் ஓரடி பின்வாங்கியிருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார்.