வலியில்லாமல் வந்தது

கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் ரத்தச் சுவடுகள் கிடந்தன. கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த மஹாலட்சுமி, யாரோ வெற்றிலைச் சாறு சிந்தியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தபோது குதிகாலும் விரல்களும் தெரிந்தன. சுவடுகள் தண்ணீர்க் குடம் வரைக்கும் போய், திரும்பி, தறி இருந்த அறைக்குள் நுழைந்திருந்தன. அங்கே அவள் கணவர் குமாரசாமி தறிக்குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, நிம்மதியாகப் பட்டு நெய்துகொண்டிருந்தார்.

"ஏங்க, காலத் தூக்குங்க."

வலது உள்ளங்காலில் ஒரு ஆணி முழுசாக ஏறியிருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல அவர் அதைப் பார்த்தார்.

"எப்ப ஏறுச்சு?"

"தெரியலியே. வலிக்கவே இல்ல," என்றார்.

சர்க்கரை நோய் அவருக்கு இளவயதிலேயே வந்துவிட்டது. மாத்திரை போய் ஊசியும் வந்தாயிற்று. கால் மரத்துப்போனது தெரிந்த சங்கதிதான். ஆனால் புண்ணுக்குக் கட்டுப்போட்ட உள்ளூர் டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று இதயத்துக்கும் ஒரு ஈசிஜி எடுத்தார். எடுத்ததும் அவர் முகம் மாறியது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஆஞ்சியோ செய்து பார்த்ததில் மூன்று ரத்தக் குழாய்கள் அடைத்துக் கிடந்தன. பைபாஸ்தான் வழி என்றார்கள். கால் புண் ஆறட்டும் என்று மார்ச் கடைசியில் தேதி கொடுத்தார்கள்.

அந்தத் தேதி வருவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏஞ்சல் என்ற நர்ஸ் போன் செய்தாள்.

"அவசர கேஸ் மட்டும்தான் இப்ப பாக்கறாங்கம்மா. சாருக்கு வலி இல்லாததால தள்ளி வச்சிருக்காங்க. மறுபடியும் கூப்பிடுவோம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க. சர்க்கரை இருக்கறவங்களுக்கு நெஞ்சு வலி வராமலே அட்டாக் வரலாம். திடீர்னு வேர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் உடனே கூட்டிக்கினு போயிடுங்க."

மஹாலட்சுமி சரி என்று சொன்னாள். குமாரசாமிக்கு ஒரே சந்தோஷம். நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்ற பயத்தில் இருந்த மனிதர், அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

தெருவே அடங்கிப்போனது. எந்நேரமும் தறிச் சத்தம் கேட்கும் பிள்ளையார்பாளையத்தில், பட்டு வராமல் ஒவ்வொரு வீடாக ஓய்ந்தது. கோயில் நடைகள் சாத்தியிருந்தன. பங்குனி உற்சவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வருஷா வருஷம் ஏகாம்பரநாதர் உற்சவத்தில் வாகனத்தின் முன்கொம்புக்குத் தோள் கொடுத்துச் சாமி தூக்கியவர் குமாரசாமி. கால் மரத்த பிறகுதான் விட்டார். அந்த வருஷம் தெருவில் மாவிலைத் தோரணம்கூட இல்லை.

பங்குனி உத்திரத்தன்று மதியம், வெயில் தெருவை வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. குமாரசாமி உள்ளேயிருந்து எழுந்து வந்தார். முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டார்.

"தட்டுல கற்பூரம் ஏத்து லட்சுமி. மேளம் கேக்குது. சாமி வந்துக்கினு இருக்குது."

"உற்சவம்தான் கிடையாதேங்க."

"தெரு முனைல திரும்பிடுச்சு. ஏத்துன்றேன் இல்ல."

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். காக்கை சத்தம்கூட இல்லை. ஆனாலும் அவர் குரலில் இருந்த அவசரம் அவளைத் தட்டை எடுக்க வைத்தது. வாசலில் கற்பூரம் நீலமாக எரிந்தது. குமாரசாமி கைகூப்பி நின்றார். அவர் கண்கள் தெருவின் ஒரு கோடியிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, வீட்டுக்கு நேராக வந்து நின்றன. எதையோ அண்ணாந்து பார்த்தார். தெரு நடுவில் ஒரு செம்பட்டை நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அது சட்டென்று எழுந்தது. வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, எதற்கோ வழிவிடுவது போல எதிர்வீட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றது.

மஹாலட்சுமி திரும்பிப் பார்த்தாள். குமாரசாமியின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மூக்கு நுனியிலிருந்தும் முகவாயிலிருந்தும் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"போயிடுச்சு," என்று சொல்லி வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"என்னா பண்ணுதுங்க?"

"ஒண்ணும் பண்ணல. களைப்பா இருக்குது. அவ்வளவுதான்." பிறகு அவராகவே சொன்னார். "தூக்கிக்கினு வந்தவங்க யாரு மூஞ்சியும் தெரியல. முன்கொம்புல ஒரு ஆள் எடம் காலியா இருந்தது. எனக்குத்தான் விட்டு வச்சிருக்காங்க போல."

சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று விரலில் குத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. வழக்கத்தைவிட ஏறித்தான் இருந்தது. நர்ஸ் சொன்னது அவள் காதில் ஓடியது. மகன் தினகரனுக்குப் போன் போட்டாள். அவன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில், அறையை விட்டு நகர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரிலதாம்மா கொரோனா பரவுது. சர்க்கரை இருக்கறவங்களுக்கு வந்தா ரிஸ்க்குன்றாங்க. வலி இருக்குதா அப்பாவுக்கு?"

"இல்லன்றாரு."

"அப்ப ரெண்டு நாள் பாக்கலாம்மா."

குமாரசாமியும் வர மறுத்தார். சாமி பார்த்தவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார்களா என்று கேட்டார். அவர் தூங்கி எழுந்ததும் முகத்தில் களை திரும்பியிருந்தது. மஹாலட்சுமி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சித்திரை போய் வைகாசி வந்தது. அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு இளைத்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று, தறியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். உட்கார்ந்த நிலையில் சில சமயம் வலது தோளைத் தூக்கி, பாரம் ஏற்றுகிறவர் போல் கழுத்தைச் சாய்த்துக்கொள்வார். "என்னாங்க பண்றீங்க?" என்றால் விழித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லியே," என்பார்.

ஒரு காலை, காபி கொடுக்கப் போனவள் அவர் உதடுகள் நாவற்பழம் தின்றது போலக் கறுத்திருப்பதைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. பக்கத்து மாவட்டத்தில் இருந்த பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போக, தெருக்கோடியில் ஆட்டோ வைத்திருந்த மாணிக்கவேலை வரச் சொன்னாள்.

"மாவட்டம் தாண்டிப் போவணும்னா பாஸ் கேப்பாங்கக்கா."

"வழில கேட்டா இவரு மூஞ்சியக் காட்டுறேன். எடுப்பா."

கேட்டார்கள். காவலர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார். வாலாஜாபாத் சாலையில் ஒரு வண்டி இல்லை. இருபுறமும் வயல்கள் ஆளில்லாமல் கிடந்தன. குமாரசாமி அவள் தோளில் சாய்ந்து கிடந்தார். திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"நிறுத்துப்பா. முன்னாடி போறாங்க பாரு. நான் எறங்கணும்."

மாணிக்கவேல் பிரேக் போட்டான். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தார்ச்சாலைதான். அதில் கானல் நீர் ஆடிக்கொண்டிருந்தது.

"யாருண்ணா? யாரும் இல்லியே."

குமாரசாமி ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். நாலு அடி நடக்க முடியாத மனிதருக்கு அந்த நேரத்தில் எங்கிருந்தோ பலம் வந்திருந்தது. மஹாலட்சுமி அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். அவர் உடம்பு பனிக்கட்டி போல இருந்தது.

"எனக்காக நின்னுக்கினு இருக்காங்க லட்சுமி. உடு."

அவளுக்குச் சாலையில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அங்கே ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்ய அந்த நிமிஷத்தில் அவளால் முடியவில்லை. அவரை உள்ளே இழுத்து, தன் காலால் அவர் காலை மறித்துக்கொண்டாள்.

"மாணிக்கவேலு, நிறுத்தாத. யாரு நின்னாலும் நடுவுல பூந்து ஓட்டு."

அவன் சாமியை நினைத்துக்கொண்டு ஹாரனை அழுத்தியபடியே ஓட்டினான். கானல் இருந்த இடத்தைக் கடக்கும்போது வண்டி ஒரு கணம் ஏற்றத்தில் திணறுவது போலத் திணறியது. அங்கே ஏற்றம் இல்லை. குமாரசாமி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் கைகளை எடுக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஒரு பெண் டாக்டர் அவரைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் மட்டும் தெரிந்தன. நுரையீரலில் கோத்திருந்த நீரை இறக்கி, ஸ்கேன் எடுத்த பிறகு, மஹாலட்சுமியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"இவருக்கு அட்டாக் ஏற்கெனவே வந்துட்டுப் போயிருக்கும்மா. ரெண்டு, மூணு மாசம் ஆயிருக்கலாம். நெஞ்சு வலின்னு எப்ப சொன்னாரு?"

"சொல்லவே இல்ல டாக்டர்."

"சர்க்கரை ரொம்ப நாளா இருந்தா நரம்பு செத்துடும். வலிக்காது. ஏதாவது ஒரு நாள் அளவுக்கு மீறி வேர்த்துதா? சம்பந்தம் இல்லாம பேசினாரா?"

"பங்குனி உத்திரத்தன்னிக்கு," என்றாள். மேளத்தையும் சாமியையும் சொன்னாள். சாலையில் நடந்ததையும் சொன்னாள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "மூளைக்கு ரத்தம் குறைஞ்சா சத்தம் கேக்கும், உருவம் தெரியும். அன்னிக்கே வந்திருந்தா இதயத்துல இவ்வளவு சதை செத்திருக்காது. ஆபரேஷன் குறிச்ச தேதில நடந்திருந்தா, அட்டாக்கே வராம இருந்திருக்கலாம். உங்க மேல தப்பு சொல்லலம்மா. இந்த வார்டுல பாதிப் பேரு இப்படித்தான் பயந்து பயந்து லேட்டா வந்தவங்க."

நாய் ஏன் எழுந்து ஒதுங்கியது என்று கேட்க அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

உடம்பு தேறிய பிறகு ஆவணியில் அங்கேயே பைபாஸ் செய்தார்கள். இதயம் பலவீனமாக இருப்பதால் பிழைப்பது பாதிக்குப் பாதி என்று சொல்லித்தான் உள்ளே கொண்டு போனார்கள். பிழைத்து வந்தார். செத்த சதை மட்டும் செத்ததுதான், இனி அது அசையாது என்றார்கள். வீட்டில் அவர் காலையில் கொஞ்சமும் மாலையில் கொஞ்சமும் நடந்தார். உப்பில்லாமல் சாப்பிட்டார். சாமியைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

ஐப்பசியில் ஒரு பகல், சென்னை நம்பரிலிருந்து போன் வந்தது. ஏஞ்சல்தான். குரல் வறண்டிருந்தது.

"அம்மா, மார்ச்ல தள்ளி வச்ச ஆபரேஷனுக்கெல்லாம் இப்ப தேதி தர்றாங்க. அதான் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக்கினு இருக்கேன்." அடுத்ததைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது போல் தெரிந்தது. "குமாரசாமி சார் இருக்காருங்களாம்மா?"

மஹாலட்சுமி போனைக் காதில் வைத்தபடியே முன்கட்டுக்குப் போனாள். குமாரசாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சட்டைக்குள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏங்க."

அவர் அசையவில்லை. கிட்டே போய், தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அழுத்தினாள். எங்கோ ஆழத்தில், ஒரு பக்கம் மட்டும், மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "போன்ல யாரு?"

"இருக்காரும்மா," என்றாள் மஹாலட்சுமி போனில். "ஆபரேஷன் வேற எடத்துல ஆயிடுச்சு."

அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விடுவது கேட்டது.

"சரிம்மா," என்றாள் ஏஞ்சல். "காலைலேர்ந்து கூப்பிட்டுக்கினு இருக்கேன். இருக்காருன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."