கூடத்துக்குள் போன நாற்காலி

1
முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதை எழுத்தாளர் தமிழழகனுக்குக் கற்பனையில் உதிக்கவில்லை. பெரியப்பா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கண்ணெதிரே நடந்தது. காப்பியை அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

2
முதல் வரைவு: "கல்வராயன் மலையில் மேகம் இறங்கிய ஒரு மாலையில்..." (அடித்தாயிற்று. நடந்தது ரிஷிவந்தியம் பக்கத்து ஊரில், காலை பத்து மணிக்கு. மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை.)

இரண்டாம் வரைவு: வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் ஜெயசுதா, தமிழழகனின் பெரியப்பா நாராயணசாமி வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க வந்து எதுல உக்கார்ற?" என்று பெரியப்பா சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்: [          ]. பிரஷர் மெஷினைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். ஜெயசுதா வன்கொடுமைச் சட்டத்தில் போலீசில் புகார் கொடுத்தார்.

(வெறும் சொல்லுக்கு இவ்வளவு தண்டனையா என்று தமிழழகனும் யோசித்தவர்தான். ஆனால் அந்த அடைப்புக்குறியை நிரப்ப அவருக்குக் கை வரவில்லை. வெறும் சொல்தானே?)

3
மூன்றாம் வரைவில் பெரியப்பா மயங்கி விழுகிறார், ஜெயசுதாவே வந்து காப்பாற்றுகிறார், பெரியப்பா அழுது திருந்துகிறார். வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை. இதை எழுதிவிட்டுத் தமிழழகனுக்கே கண் கலங்கியது. அந்தப் பெருமையில் ஜெயசுதாவுக்குப் போன் போட்டு முழுவதும் படித்துக் காட்டினார்.

"அவரு திருந்துனா அவருக்கு நல்லது சார். எனக்கு இன்னா?" என்றார் ஜெயசுதா. "ஆமா, வாசல்லதான நாற்காலி போட்டிருந்தீங்க? இன்னாத்துக்கு வூட்டுக்குள்ளன்னு எழுதனீங்க?"

"கூடம்னா கதைக்கு ஒரு அமைதி கிடைக்கும்..." என்று தமிழழகன் உளறினார்.

"தெருவே கேட்டுது சார்" என்று ஜெயசுதா போனை வைத்தார்.

4
சாயங்காலம் பெரியப்பா வந்தார்.

"நாளைக்கு டிஎஸ்பி விசாரணைடா. வாசல்ல நாலு பேரு கேக்கத் திட்னாதான் வன்கொடுமையாம், வூட்டுக்குள்ளன்னா கேஸ் நிக்காதாம். வக்கீல் சொல்றாரு. தெருக்குழாயாண்ட நின்ன ரெண்டு பேரும் நம்ம நெலத்துக்கு வேலைக்கு வர்றவங்க. காதுல உழலன்னுட்டாங்க. நீ மட்டும் வூட்டுக்குள்ளதான்னு சொல்லிடு."

தமிழழகன் கூசிப்போனார். பெரியப்பா இன்று கேட்டதை, கேட்காமலே இரண்டாம் வரைவில் அவர் செய்து கொடுத்திருந்தார்.

5
முடிவு (அ): தமிழழகன் கள்ளக்குறிச்சி போய் டிஎஸ்பியிடம் உள்ளதைச் சொல்கிறார். பெரியப்பா வீட்டுக் காப்பி அதோடு போகிறது.

முடிவு (ஆ): தமிழழகனுக்குக் காய்ச்சல். (எழுத்தாளர்களுக்கு அது சரியான நேரத்தில் வரும்.)

எதற்கு வம்பு, முடிவை உங்களிடமே விட்டுவிடலாம் என்று தோன்றியது. கௌரவமான வழக்கமும்கூட. "வாசகரே, இனி நீங்கள்தான்..." என்று எழுதினார்.

பிறகு அதையும் அடித்தார். நீங்கள் அந்த வாசலில் இல்லை. அவர் இருந்தார்.